சென்னாக்குன்னியின் பாட்டு

குருசுக்குப்பம்
5.3.2003

என் சென்னாக்குன்னிக்கு,

பொடி இறால் அளவு ஆள் என்று நான் உனக்கு வைத்த பேர், அதை எழுதினதுமே நலமா என்று கேட்க வாய் வந்துவிட்டது. கேட்காமல் விட்டுவிட்டேன். இங்கே எல்லாரும் இருக்கிறோம். உன் வீட்டுக்காரர் நாகராஜ் தம்பி நேற்றுதான் போட்டில் புது வலை ஏற்றினார். உன் பெண் சங்கவி பத்தாவது பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு டிவி பார்க்கிறது. என் வீட்டுக்காரர் தன் தம்பியைப் பார்த்துவிட்டு வந்தால் ஒரு வேளை சாப்பிட மாட்டேன் என்கிறார்.

ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது. எழுத்து கோணிக்கொண்டு போகும். ஏழாவது வரைக்கும் படித்தவள் என்று நீ என்னிடம் பீற்றிக்கொண்டதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. சிரிக்காதே. கடுதாசியை உன் படத்துக்குப் பின்னால் செருகி வைக்கப் போகிறேன், தபால்காரர் வருகிற விலாசம் இல்லையே உனக்கு.

மார்க்கெட்டில் உன் இடத்தை யாருக்கும் விடவில்லை. என் அன்னக்கூடையைக் கொஞ்சம் தள்ளிப் பரப்பி வைத்துக்கொள்கிறேன். எதிர்வரிசை ஆயம்மா விடுவாளா? "உன் ஓரகத்தி அடுத்த பஸ்ஸுல வராளா, துண்டு போட்டு வெச்சிருக்க?" என்று கேட்டாள். நானும் சிரித்துவிட்டேன். காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் பேசிக்கொண்டே விற்றுப் பழகினவள், பக்கத்தில் ஆள் இல்லாமல் வாய் வலிக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. மதாம் வந்துவிட்டார்கள்.

உனக்குத் தெரியாதது இல்லை, வரிசையாக எழுதினால்தான் எனக்குக் கோர்வை வரும். நீ வெள்ளிக்கிழமை தோறும் சங்கரா மீன் கொண்டுபோய்க் கொடுக்கிற ஃபிலோமேன் மதாம். நம்மைப் போல கறுப்பு, நம்மைப் போல தமிழ், நேஷனாலிட்டி மட்டும் பிரெஞ்சு. அவர்கள் வீட்டுப் பின்கட்டுக் குழாயடியில் நீ மீன் ஆயும்போது உள்ளே அந்தப் பெட்டியில் பாட்டு ஓடும். வாத்தியம் ஒன்றும் இல்லாத பாட்டு. வெறும் குரல். மீனை ஆய்ந்து முடித்த பிறகும் நீ எழுந்து வராமல் குந்திக்கொண்டே இருந்ததைப் பார்த்து, மதாம் நாலைந்து டிஸ்கில் (சிடியை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்) இருந்து எடுத்து உனக்கு ஒரு கேசட் பதிந்து கொடுத்தார்கள். அதில் ஒரு பாட்டைத்தான் நீ மார்க்கெட்டில் எந்நேரமும் முனகிக்கொண்டிருப்பாய்.

உன் கருமாதி அன்றைக்கு, உனக்குப் பிடித்தது எல்லாம் படத்துக்கு முன்னால் வைத்தோம். மாங்காய் போட்ட கவளை மீன் குழம்பு வைத்தேன். நீ ஆசையாகக் குடிக்கிற கலர் சோடா வைத்தோம். அந்தக் கேசட்டை மைக் செட் அரிகிருஷ்ணனிடம் கொடுத்துப் போடச் சொன்னோம். இரண்டு நிமிஷம் ஓடியிருக்காது. நாடா உள்ளே சிக்கிக்கொண்டது. அவர் இழுக்க இழுக்க இடியாப்பம் மாதிரி வந்தது. மனுஷர் அழுதே விட்டார். நாகராஜ் தம்பி உன் புடவையோடு சேர்த்து அதையும் கடலில் விட்டுவிட்டார்.

மதாம் அதற்கு முன்பே பிரான்சுக்கு மகனிடம் போய்விட்டிருந்தார்கள். இப்போது வந்திருப்பது வீட்டை விற்க. விற்றுவிட்டு ஒரேயடியாகப் போகிறார்களாம்.

ஆடியில் உனக்கு முதல் வருஷப் படையல். அதற்குள் அந்தப் பாட்டைக் கண்டுபிடித்து உன் படத்துக்கு முன்னால் முழுசாக ஒரு தரம் போட வேண்டும். பாதியில் நின்றது பாதியாகவே இருக்கக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

உன் அக்கா
அஞ்சலாட்சி


குருசுக்குப்பம்
19.3.2003

அடி சுலோ,

போனேன். உன் மாதிரியே கூடையில் சங்கரா எடுத்துக்கொண்டு போனேன், வெறும் கையோடு போனால் வாசலில் என்ன சொல்வது?

மாடியில் இருந்தே கூடைச் சத்தம் கேட்டிருக்கும் போல. "சுலோசனா, பின்னாடி வந்துடு" என்று கூப்பிட்டார்கள். அவர்களுக்குத் தெரியாது. ஒருத்தரும் எழுதிச் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன், காமாலை, ஆஸ்பத்திரி, ஆடி மாசம் என்று. மதாம் குழாயடிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். நல்ல பட்டு கவுன். ஈரம் என்று சொல்லலாமா வேண்டாமா என்று நின்றேன். அப்புறம் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

காப்பி அவர்களே போட்டுக் கொண்டுவந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். உனக்குப் பதிந்து கொடுத்த பாட்டுகளில் சிலது ஞாபகம் இருக்கிறதாம், சிலது இல்லையாம். எங்கேயும் குறித்து வைக்கவில்லையாம். சுவர் முழுக்க டிஸ்க், அலமாரிக்கு மேலேயும் டிஸ்க். அவர்கள் சின்ன வயதில் பிரான்சில் துலோன் என்கிற ஊரில் நர்சாக இருந்தபோது ஒரு பாட்டுக் குழுவில் பாடினார்களாம். அப்போது பிடித்த பைத்தியமாம் இது. நானூறு, ஐந்நூறு வருஷத்துக்கு முந்தின பாட்டுகளாம். சிலது அதற்கும் முன்னாலாம்.

"எந்தப் பாட்டுன்னு பாடிக் காட்டு அஞ்சலை" என்றார்கள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மீன் விலை கூவுகிற தொண்டை. ஆனாலும் பாடினேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து முனகியதைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம்தானே. வாடிக்கையோடு பேசுவதற்காக நீ நடுவில் நிறுத்துகிற இடத்தையெல்லாம் தள்ளிவிட்டு, சேர்த்துவைத்து ஒரே இழுப்பாகப் பாடிக் காட்டினேன்.

மதாம் கண்ணை மூடிக் கேட்டார்கள். விரல் மேசை மேல் தட்டியது, நின்றது, மறுபடி தட்டியது.

"தெரியலியே அஞ்சலை. படிக்கட்டுல ஏறி எறங்குற மாதிரி இருக்குதே தவிர பாட்டா வரல" என்றார்கள்.

எனக்கு முகம் செத்துப்போனது. அவர்கள் விளக்கினார்கள். இந்தப் பாட்டுகளில் நாலு பேர் இருந்தால் நாலு பேரும் நாலு தினுசாகப் பாடுவார்களாம். மேலே பாடுகிறவரைத்தான் நம் காது பிடிக்குமாம். நீ அதை விட்டுவிட்டு நடுவில் ஓடுகிற எதையோ பிடித்திருக்கிறாயாம். உன் குணம் தெரிந்ததுதானே. கல்யாணப் பந்தியில் கூட வடையை விட்டுவிட்டு ஊறுகாயைத் தேடுகிறவள்.

"நான் சித்திரை வைகாசி முழுக்க இங்கதான் இருப்பேன். மார்க்கெட் முடிஞ்சதும் வா. ஒண்ணொண்ணா போட்டுக் கேப்போம். இருக்குன்னா இங்கதான் இருக்கும்" என்று சொன்னார்கள்.

வரும்போது மீனுக்குக் காசு கொடுத்தார்கள். வாங்கவில்லை. வாங்கவில்லை என்று கோபப்பட்டார்கள். நீ எப்படிச் சமாளித்தாய் இந்த அம்மாளை?

அஞ்சலாட்சி


குருசுக்குப்பம்
27.4.2003

சென்னாக்குன்னிக் கண்ணு,

தடைக்காலம் ஆரம்பித்துவிட்டது. போட்டெல்லாம் கரையில் ஏறிக் கிடக்கிறது. கருவாடும் ஏரி மீனும் வைத்து ஒப்பேற்றுகிறோம். சங்கவி பரீட்சையை முடித்துவிட்டது. கணக்கு கஷ்டமாம். உன்னைக் கொண்டிருக்கிறது, வேறென்ன.

நான் இப்போது பாட்டு கேட்கிற மகாராணி. சாயங்காலம் ஆனால் முகம் கழுவி, பூ வைத்துக்கொண்டு மதாம் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறேன். போன வாரம் உன் மாமா, என் வீட்டுக்காரர்தான், வாசலில் நின்று, "எந்தக் கச்சேரிக்குப் போற?" என்று கேட்டார். ஐந்நூறு வருஷத்துக் கச்சேரி என்றேன். மனுஷருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ போன பிறகு அவர் பல்லை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை சுலோ. நாலு பேரும் நாலு பக்கம் இழுக்கிறார்கள், நம் தெருக் குழாயடி மாதிரி. ஆனால் யாரும் சண்டை போடவில்லை. ஒருத்தர் போன வழியிலேயே இன்னொருத்தர் கொஞ்சம் பின்னால் வருகிறார். கடைசியில் எல்லாரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். அந்த இடம் வரும்போது எனக்குக் காலில் இருந்து தலை வரைக்கும் ஜில்லென்று ஆகிறது. முதல் தடவை அப்படி ஆனபோது ஃபேன் வேகமாக ஓடுகிறது என்று நினைத்தேன்.

சிலது ரொம்பப் பழசு. மாதா கோயில் சாமியார்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே குரலில் பாடுவது. ஆட்டமும் இல்லை அசைவும் இல்லை, அலை இல்லாத நாளில் கடல் மாதிரி. ஒரு டிஸ்கைக் கல் கோயிலுக்குள்ளேயே மைக் வைத்துப் பதிந்தார்களாம். பாடி நிறுத்தின பிறகும் கோயில் கொஞ்ச நேரம் பாடுகிறது.

எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. பாட ஆரம்பிக்கும் முன்னால் எல்லாரும் சேர்ந்து மூச்சு இழுக்கிறது கேட்கும். நன்றாகக் காது கொடுத்தால்தான் கேட்கும். மதாம் ஒரு டிஸ்கைக் காட்டி, இதில் பாடினவர்களில் இரண்டு மூன்று பேர் இப்போது இல்லை என்றார்கள். மூச்சு மட்டும் இருக்கிறது. நம் வீட்டில் உன் குரல் எதிலும் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன். கல்யாணக் கேசட்டில் கூட நீ வாயைத் திறக்கவில்லை, சோறு சாப்பிடும்போது தவிர.

அழுவேன் என்று நினைக்காதே. இன்னும் கேள். ஆயம்மா மார்க்கெட் முழுக்கச் சொல்லிவிட்டாள், அஞ்சலாட்சி கிறிஸ்தவ வேதத்தில் சேரப்போகிறாள், சாயங்காலம் ஆனால் கோயில் பாட்டு படிக்கப் போகிறாள் என்று. நான் அதை மதாமிடம் சொன்னேன். அவர்கள் ஒரு டிஸ்கைப் போட்டுவிட்டு, "இது என்னன்னு நெனக்கிற?" என்றார்கள். மாதா பாட்டு போல இருக்கிறது, எவ்வளவு உருக்கம் என்றேன். "கள்ளுக்கடையில குடிச்சுட்டு எழுந்திருக்க முடியாதவன் பாடுறது" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் சிரித்த சிரிப்பு, மூக்குக் கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது.

உன் பாட்டு மட்டும் அகப்படவில்லை. போன செவ்வாய்க்கிழமை ஒன்று வந்தது. அதேதான் என்று எழுந்து நின்றுவிட்டேன். மதாம் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பாதிக்கு மேல் அது வேறு பக்கம் போய்விட்டது. உன்னுடையது இல்லை. திரும்பி வரும் வழியில் பீச்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். அரிகிருஷ்ணன் அந்தப் பக்கம் சைக்கிளில் வந்தவர் இறங்கி, "அகப்பட்டுச்சாக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் என்னைவிட அதிகமாக வருத்தப்பட்டார். புதுசாக சிடி போடுகிற செட் வாங்கியிருக்கிறாராம், நாடாவே கிடையாதாம் அதில். பாட்டு மட்டும் கொண்டுவா அக்கா, மீதியை என்னிடம் விடு என்றார்.

உன் அக்கா
அஞ்சலாட்சி


குருசுக்குப்பம்
8.6.2003

சுலோ,

நல்ல சேதி முதலில். சங்கவி பாஸ். கணக்கிலும் பாஸ். நாகராஜ் தம்பி தெரு முழுக்க சாக்லேட் கொடுத்தார். போட்டும் கடலில் இறங்கிவிட்டது, முதல் நாளே நல்ல வவ்வால் மீன்.

கெட்ட சேதி. மதாமுக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. இந்த மாசக் கடைசியில் போகிறார்கள். மகன் அங்கிருந்தே ஏற்பாடு பண்ணி, சென்னையில் இருந்து ஆட்கள் வந்து டிஸ்கையெல்லாம் அட்டைப்பெட்டியில் போட்டு டேப் ஒட்டிவிட்டார்கள். அலமாரி காலி. நாங்கள் கேட்காதது இன்னும் நிறைய இருக்கிறது. கேட்டதிலேயே வந்து, எனக்குத்தான் தெரியாமல் போயிருக்குமோ என்றும் பயமாக இருக்கிறது. மதாம், "நான் அங்க போயித் தேடி அனுப்புறேன்" என்கிறார்கள். எதை வைத்துத் தேடுவார்கள்? பாடிக் காட்ட நான் அங்கே இருப்பேனா?

நேற்று மத்தியானம் சங்கவி என் பக்கத்தில் உட்கார்ந்து நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தது. நான் என்னை அறியாமல் உன் பாட்டை முனகிக்கொண்டிருந்தேன். அது நிமிர்ந்து பார்த்தது.

"பெரியம்மா, அம்மா அப்படிப் பாடாது" என்றது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குத் தெரியாத பாட்டா, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள் நானா நீயா என்று கத்திவிட்டேன்.

"நீங்க ஒரே மூச்சா பாடுறீங்க. அம்மா நிறுத்தி நிறுத்தித்தான் பாடும். கொஞ்சம் பாடிட்டு சும்மா இருக்கும். மறுபடி பாடும்."

அது வாடிக்கை வந்ததால் நிறுத்தினது என்றேன்.

"வீட்டுல பாத்திரம் தேய்க்கும்போது என்ன வாடிக்கை? அப்பவும் அப்படித்தான். சும்மா இருக்கும்போது தலைய மட்டும் ஆட்டிக்கிட்டு இருக்கும். யாரோ பாடுறதக் கேட்டுக்கிட்டு இருக்குற மாதிரி."

கையில் இருந்த நெத்திலியைக் கீழே போட்டுவிட்டேன் சுலோ. எத்தனை வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீ நிறுத்தும்போதெல்லாம் உன் முகத்தைப் பார்க்காமல் எதிரே யார் வருகிறார் என்று பார்த்திருக்கிறேன். மார்க்கெட்டில் உட்கார்ந்தவள் வேறு எங்கே பார்ப்பாள்? நீ நிறுத்தவில்லை. அது பாட்டிலேயே இருக்கிற இடம். நான்தான் உன் பாட்டில் இருந்த சும்மாவையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு மதாமுக்குப் பாடிக் காட்டியிருக்கிறேன்.

எங்கே நிறுத்துவாள், எவ்வளவு நேரம் நிறுத்துவாள் என்று கேட்டேன். சங்கவி கண்ணை மூடிக்கொண்டு, சாம்பலும் நாரும் இல்லாமல் வெறும் கையால் பாத்திரம் தேய்த்துக் காட்டிக்கொண்டே பாடியது. அப்படியே நீ. தோளைக்கூட உன் மாதிரியே ஒரு பக்கம் தூக்கிக்கொள்கிறது.

நாளைக்கு அதையும் கூட்டிக்கொண்டு மதாம் வீட்டுக்குப் போகிறேன்.

அஞ்சலாட்சி


குருசுக்குப்பம்
9.6.2003

அடியே சென்னாக்குன்னி,

அகப்பட்டுவிட்டது! அகப்பட்டுவிட்டது! இதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

எப்படி என்று கேள். மதாம் வீட்டில் நாற்காலி கூட இல்லை, அட்டைப்பெட்டி மேல்தான் உட்கார்ந்திருந்தோம். சங்கவிக்கு வெட்கம், சேர்ந்து பாடினால்தான் பாடுவேன் என்றது. நாங்கள் இரண்டு பேரும் பாடினோம். கொஞ்சம் பாடி நிறுத்தினோம். தலையை ஆட்டினோம். மறுபடி பாடினோம். மறுபடி நிறுத்தினோம்.

அந்த இரண்டாவது சும்மாவில் மதாம் பாடினார்கள்.

சுலோ, எப்படிச் சொல்வேன். அவர்கள் யோசித்துப் பாடவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது. மெலிசான குரல், வயதான குரல், ஆனால் ஊசி மாதிரி நேராக வந்து நாங்கள் விட்ட இடத்தில் உட்கார்ந்தது. அவர்கள் மூச்சு விட்டதும் நாங்கள் எடுத்தோம். நாங்கள் விட்டதும் அவர்கள். சங்கவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை, சிரித்துக்கொண்டே பாடுகிறது. எனக்கு மேலெல்லாம் புல்லரிப்பு. கடைசி வரைக்கும் போனோம்.

பாடி முடித்துவிட்டு மதாம் எழுந்து நின்று தலையில் அடித்துக்கொண்டார்கள். இதே பாட்டை அவர்கள் துலோனில் பாடியிருக்கிறார்களாம். அவர்களுக்கு மேல் குரல். இருபத்தைந்து வயதில் பாடினது. நடுக்குரலில் என்ன பாடுவார்கள் என்று அப்போது அவர்கள் கவனித்ததே இல்லையாம், தன் பாட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுவதே பெரிய பாடாம். "பக்கத்துல நின்னு பாடினவ என்ன பாடினான்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியுது அஞ்சலை" என்றார்கள்.

அப்புறம் பெட்டி. எந்தப் பெட்டியில் இருக்கிறது அந்த டிஸ்க்? டேப் ஒட்டின பெட்டி எல்லாம் ஒரே மாதிரி. கத்தரிக்கோல் எந்தப் பெட்டிக்குள் போனதோ தெரியவில்லை. என் கூடையில் மீன் கத்தி இருந்தது. மதாம் வேண்டாம் என்பார்கள் என்று பார்த்தேன். "அறு" என்றார்கள். நான் அறுக்க அறுக்க அவர்கள் உள்ளே தலையை விட்டுத் தேட, சங்கவி வெளியே எடுத்து அடுக்க, அந்த மகன் பார்த்திருந்தால் மயக்கம் போட்டிருப்பான். பிரான்சில் பெட்டியைத் திறக்கும்போது சங்கரா வாசனை வரும்.

டிஸ்கைப் போட்டோம். இப்போது பாட்டு என்னவென்று சொல்கிறேன், நீயே சிரிப்பாய். சாமி பாட்டு இல்லை. காதல் பாட்டும் இல்லை. அது மார்க்கெட். அந்தக் காலத்து ஊரில் தெருவில் கூவி விற்கிறவர்கள் எல்லாரையும் ஒரு பாட்டுக்குள் உட்கார்த்தி வைத்திருக்கிறான் எவனோ ஒருத்தன். ஒருத்தி முள்ளங்கி என்கிறாள், ஒருத்தன் கடுகு என்கிறான், ஒருத்தி பழைய செருப்பு தைக்கலையா என்கிறாள். நடுவில் மீன். கவளை மாதிரி ஒரு மீனாம். மதாம் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல எனக்கு நம் வரிசையே கண்ணுக்கு முன்னால் வந்தது. பக்கத்தில் இருப்பவள் மூச்சு வாங்கும்போதுதானே நாம் கூவுவோம், இரண்டு பேரும் ஒன்றாகக் கத்தினால் எந்த வாடிக்கைக்கும் காதில் விழாது என்று? அங்கேயும் அதேதான். ஒருத்தி விட்ட இடத்தில் ஒருத்தி.

உனக்கு இந்த அர்த்தத்தை எப்போதாவது சொன்னார்களா என்று மதாமைக் கேட்டேன். இல்லையாம். நீயும் கேட்டதில்லையாம்.

டிஸ்கை உறையோடு என் கையில் கொடுத்துவிட்டார்கள். வேண்டாம், பதிந்து கொடுங்கள் போதும் என்றேன். "பதிஞ்சு குடுத்தது போதும், இத வெச்சுக்க" என்று சொல்லி சங்கவி கன்னத்தில் இரண்டு பக்கமும் முத்தம் கொடுத்தார்கள், அவர்கள் வழக்கப்படி. எனக்கும் கொடுத்தார்கள். நான் மீன் வாடை என்று விலகினேன். விடவில்லை.

உன் அக்கா
அஞ்சலாட்சி


குருசுக்குப்பம்
7.8.2003

என் சென்னாக்குன்னிக்கு,

நேற்று உன் படையல். நீ பார்த்திருப்பாய் என்று சொல்கிறார்கள். பார்த்தாயோ இல்லையோ, நான் எழுதிவிடுகிறேன்.

கவளைக் குழம்பு வைத்தேன், சுறாப்புட்டு செய்தேன். உனக்குப் படைக்க எடுத்த புடவையைச் சங்கவியே கட்டிக்கொண்டது, உன் உயரத்துக்கு அது தரையில் இழுபட்டிருக்கும், அதற்குச் சரியாக இருக்கிறது. நம் மார்க்கெட் வரிசை முழுக்க வந்திருந்தது. அரிகிருஷ்ணன் காலையிலேயே வந்து பெட்டியையும் ஸ்பீக்கரையும் கட்டிவிட்டு, டிஸ்கைத் தன் புது பனியனில் துடைத்து, சாமி படத்தை ஏந்துகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். கற்பூரம் காட்டினதும் போட்டார்.

மூச்சு இழுக்கிற சத்தம் வந்தது. அப்புறம் பாட்டு.

எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், படையல் ஆயிற்றே. கொஞ்ச நேரம் போனது. ஆளாளுக்குக் கூவ ஆரம்பித்த இடம் வந்ததும் ஆயம்மா மெதுவாக என் இடுப்பில் இடித்தாள்.

"யாருடி இவளுங்க? பேரம் பேசுற மாதிரி இருக்குதே" என்றாள்.

மார்க்கெட் பாட்டுதான், மீன் விற்கிறார்கள் என்றேன். முள்ளங்கியையும் பழைய செருப்பையும் சொன்னேன். ஆயம்மா பக்கத்தில் சொல்ல, பக்கத்தில் இருப்பவள் அதற்குப் பக்கத்தில் சொல்ல, சிரிப்பு கூரை வரைக்கும் போனது. செத்தவளுக்குப் படைக்கிற இடத்தில் சிரிக்கிறார்களே என்று வாசலில் நின்ற ஆம்பளைகள் எட்டிப் பார்த்தார்கள். பாட்டு முடிந்ததும் இன்னொரு தரம் போடச் சொன்னார்கள். ஆயம்மா சும்மா இருப்பாளா? ஸ்பீக்கரில் ஒருத்தி மூச்சு வாங்கின இடத்தில், "வா கண்ணு, வவ்வாலு பாரு, உசுரோட இருக்குது" என்று ஒரு கூவல் கூவினாள். சத்தியமாகச் சொல்கிறேன், பாட்டில் அது பொருந்தினது.

நாகராஜ் தம்பி மட்டும் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அப்புறம் என்னிடம் வந்து, "அண்ணி, இதுல அவ பாடுறது எது?" என்று கேட்டார். வீட்டில் அத்தனை வருஷம் கேட்டவர்தான், ஆனால் நாலு குரலுக்குள் எங்கே என்று பிடிக்கத் தெரியவில்லை. பக்கத்தில் உட்காரச் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டு காட்டினேன். இதோ, இது அவள். இப்போது சும்மா இருப்பாள், இது வேறு ஆள், இதை விட்டுவிடுங்கள். இதோ வருகிறாள் பாருங்கள். அவர் அந்த இடத்தைப் பிடித்துவிட்டார். அப்புறம் நான் சொல்லவில்லை. நீ வருகிற ஒவ்வொரு தடவையும் அவரே என் கையை அழுத்தினார், ஒன்று கூடத் தவறவில்லை. முகம் முழுக்கத் தண்ணீர், ஆனால் சிரிக்கிறார். பாட்டு முழுசாக ஓடி நின்றது. அரிகிருஷ்ணன் வெளியே போய் யாருக்கும் தெரியாமல் ஒரு பீடி பற்றவைத்துக்கொண்டார்.

சாப்பாடு நன்றாக இருந்தது என்றார்கள். குழம்பில் புளி கொஞ்சம் தூக்கல். நீ இருந்தால் சொல்லிக் காட்டியிருப்பாய்.

மதாம் போய்ச் சேர்ந்து கடுதாசி போட்டிருக்கிறார்கள். தமிழில், என் எழுத்தைவிடக் கோணல். பெட்டியில் மீன் வாசனை வந்ததாம், மகன் கோபித்துக்கொண்டானாம், அவர்களுக்கு அழுகை வந்ததாம்.

இன்றைக்கு மார்க்கெட் போனேன். என் கூடையை ஒடுக்கி வைத்துக்கொண்டு, உன் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு உட்கார்ந்தேன். ஆயம்மா பார்த்துவிட்டுத் தன் மீனுக்குத் தண்ணீர் தெளித்தாள். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, மதாம் அன்றைக்குப் பாடின மேல் குரலைப் பாடிப் பார்த்தேன். இத்தனை நாளும் அரிகிருஷ்ணன் செட்டில் டிஸ்கைப் போட்டுப் போட்டுக் கற்றுக்கொண்டேன், எனக்கு எட்டின வரைக்கும். கொஞ்சம் பாடுகிறேன். நீ வருகிற இடத்தில் நிறுத்திவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு சும்மா இருக்கிறேன். அப்புறம் மறுபடி எடுக்கிறேன். டிஸ்க் ஓடும்போது சரியாக வருகிறது. டிஸ்க் இல்லாமல் உட்கார்ந்திருக்கும்போதுதான் தெரியவில்லை. நான் உனக்கு விடுகிற நேரம் போதுமா சுலோ?

உன் அக்கா
அஞ்சலாட்சி